முன்னால் வந்து நிற்பவர்கள்

பாண்டிசெல்வியின் வாட்ஸ்அப் செய்தி மிகவும் மரியாதையாக இருந்தது. அந்த மரியாதைதான் கௌதம்ராஜுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"அண்ணே, ஆம்ப்ளிஃபயர் பாக்க ரொம்ப அழகா இருக்கு. ஆனா இடது பக்கம் ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. ஒண்ணுமே போடாட்டியும் வருது. செத்த வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

அவன் செய்து விற்ற பெட்டிகளில் ஒன்றுகூட இதுவரை குறை சொல்லித் திரும்பியதில்லை. ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் அவனுக்கு இரண்டு அறை வீடு. முன் அறையை முழுவதும் அடைத்துக்கொண்டு ஒரு மேசை. அதில் அவன் செய்யும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆர்டர் வந்தது. பழைய வால்வு ரேடியோவுக்குள் ஆரஞ்சாகக் கனன்றுகொண்டிருக்குமே கண்ணாடி டியூப், அதை வைத்துச் செய்வது. டியூப்பில் பாட்டுக் கேட்பவர்கள் தனி ரகம். பாட்டைவிட, பாட்டு தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் அமைதி அவர்களுக்கு முக்கியம். அவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் பெங்களூர்க்காரர் ஒருவர், 'இவருடைய பெட்டியில் பாட்டே போட வேண்டாம், அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்' என்று எழுதியிருந்தார். அந்த வரியை கௌதம்ராஜ் ஃபோனில் சேமித்து வைத்திருந்தான். மனசு சரியில்லாத நாட்களில் எடுத்துப் பார்ப்பான்.

மில்லை விட்டு வந்தவனுக்குக் கையில் இருந்தது அந்த ஒரு பெயர்தான். அதுவும் போனால் மறுபடி மில்தான்.

மில்லில் அவன் எலக்ட்ரீஷியனாக இருந்தான். ரிங் ஃபிரேம் பிரிவு. நூல் முறுக்கேறிக் கதிர்களில் சுற்றும் இடம். ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுழலும் அந்தக் கூடத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசி என்ன ஆகப் போகிறது? உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், மீதியைக் கையால் சொல்வார்கள். விரல்களை விரித்து அசைத்தால் ஓடுகிறது. கையை மடக்கி உயர்த்தினால் நின்றுவிட்டது. புதிதாக வருகிறவர்கள் காதில் கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொண்டு ஒரு மாதம் தலைவலியோடு திரிவார்கள். பிறகு பழகிவிடும்.

காது போகிறவர்களுக்கு அது போவது தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அங்கே ஒரு மரியாதை இருந்தது. ஒருவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று தெரிந்ததும், அதன் பிறகு அவரைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். கேன்டீனில், சைக்கிள் ஸ்டாண்டில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே பார்த்தாலும் சுற்றிக்கொண்டு போய் முகத்துக்கு முன்னால் நின்று பேசுவார்கள். வேலுசாமி மேஸ்திரிக்கு முன்னால் கௌதம்ராஜே அப்படிப் போய் நின்றிருக்கிறான். மேஸ்திரி கடைசிவரை, தன்னிடம் பையன்களுக்கு ரொம்ப மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில்தான் போனான். உதிரி டியூப்களையும் மல்டிமீட்டரையும் துணிப்பைக்குள் வைத்து மடியில் பிடித்திருந்தான். கண்டக்டர் அவன் தோளைத் தட்டினார்.

"அண்ணே, எத்தன தடவ கேக்கது? மடியில என்ன, பச்சப்பிள்ளையா? ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு இருக்கீக. டிக்கெட் எங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் ஒண்ணு. நீங்க கேட்டது கேக்கலண்ணே, இன்ஜின் சத்தம்."

கண்டக்டர் இன்ஜின் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அவன் உட்கார்ந்திருந்தது கடைசி சீட்டில்.

பாண்டிசெல்வி வீடு கீழ ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியில் இருந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும். நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். அறையின் ஜன்னல்களைப் பழைய மெத்தைகளால் அடைத்திருந்தாள். ஆட்கள் கதை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள், அதைக் கேட்டுத் திருத்தி ஆடியோ புத்தகமாக்குவது அவள் வேலை.

"மூச்சு விடுறது, நாற்காலி கிறீச்சுங்கது, எச்சி முழுங்குறது, எல்லாத்தையும் வெட்டணும்ண்ணே. ஒரு அய்யா இருக்காரு. அவரு ஒரு நாவல் முழுக்க முழுங்குன எச்சியச் சேத்தா ஒரு குடம் ரொம்பிரும்."

கௌதம்ராஜ் சிரித்தான். "அப்ப உங்களுக்கு எதக் கேட்டாலும் சத்தமாத்தான் தெரியும் மேடம்."

"கேலி பண்ணாதீங்க. போன மாசமே உங்க பெட்டி வந்துருச்சு. ஆடிப்பூரத்துக்குத் தெருவெல்லாம் ஸ்பீக்கர் கட்டியிருந்தாக, ஒரு எழவும் கேக்கல. எல்லாத்தையும் இறக்குன பொறவுதான் இது கேக்குது. போட்டுப் பாருங்க."

அவன் போட்டுக்கொண்டான். ஹெட்போன் காதை மெத்தென்று மூடியது. கண்ணை மூடிக் கேட்டான். ஒன்றும் இல்லை. வழக்கம்போல் அவனுக்குப் பிடித்த அதே இருட்டான அமைதி. கரண்டிலிருந்து வரும் 'ம்ம்ம்' என்ற ஓசைகூட இல்லை. அதைத் துரத்துவதில் அவன் கெட்டிக்காரன். அடியில் ஓடும் தடித்த சத்தம் எதுவாக இருந்தாலும் அவனுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

"ஒண்ணுமில்லையே."

"என்னண்ணே, நல்லாக் கேளுங்க. மழை பெய்யுற மாதிரி, தூரத்துல."

வால்யூமை முழுக்கக் குறைத்து அவளிடம் கொடுத்தான். "இப்ப?"

"அதேதான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அப்படியென்றால் சத்தம் வால்யூமைத் தாண்டிய இடத்தில் பிறக்கிறது. காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவன் மனம் வேலையைத் தொடங்கியிருந்தது. பெட்டியில் இரண்டு டியூப்கள், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. இடம் மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும். சத்தம் டியூப்போடு சேர்ந்து வலது பக்கம் போனால் கோளாறு டியூப்பில். போகாமல் இடது பக்கமே நின்றால் டியூப்பைச் சுற்றியுள்ள வேறு ஏதோ ஒன்றில். சுவிட்சை அணைத்தான். ஹெட்போன் வயரை உருவி மேசைமேல் வைத்தான். டியூப்கள் ஆறியதும் துண்டால் பிடித்து இடம் மாற்றினான். மறுபடி சுவிட்சைப் போட்டு, அவை கனன்று வரும்வரை காத்திருந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

பாண்டிசெல்வி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் ஒன்றுமில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. செய்தவனுக்கே கேட்கவில்லை என்றால் என்ன நினைப்பாள்?

"ம். இப்ப கேக்குது," என்றான். "நீங்க சொன்னது சரிதான். இடது பக்கம், லேசா. மழை மாதிரி."

அவள் மேசையைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். காப்பி டம்ளருக்குப் பக்கத்தில், அவன் வைத்த இடத்திலேயே, ஹெட்போன் வயரின் பித்தளை முனை கிடந்தது. அவன் அதைத் திரும்பச் சொருகவே இல்லை.

சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து வயரை எடுத்துச் சொருகினாள். அவன் தலையிலிருந்த ஹெட்போனைப் பூப்போல் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள்.

"மாறல. இடது பக்கமேதான் இருக்கு," என்றாள். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "பெட்டிய எடுத்துட்டுப் போங்கண்ணே. வீட்டுல வச்சு ஆற அமரப் பாருங்க. அவசரமில்ல. கூட... வேற யாராச்சும் கேக்கதுக்கு ஆளு இருந்தா வச்சுக்கோங்க," என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டி மடியில் இருந்தது. மேற்கே மலைமேல் மேகம் கவிந்திருந்தது. அவன் மனத்தில் திரும்பத் திரும்ப ஓடியது அந்தப் பித்தளை முனை அல்ல. அவள் ஹெட்போனைக் கழற்றிய விதம். காய்ச்சல்காரன் நெற்றியிலிருந்து ஈரத்துணியை எடுப்பதுபோல் எடுத்தாள்.

அவன் மனைவி நாகஜோதிக்கு அன்று காலை ஷிஃப்ட். மதியத்துக்கு மேல் தலையில் பஞ்சு ஒட்டியபடி வந்தாள். அவள் அவனுக்கு மாமன் மகள். அதே மில்லில், அதே ரிங் ஃபிரேமில் இன்னமும் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தாள். இவன் வேலையை விட்ட பிறகு வீட்டுக்கு மாதாமாதம் தவறாமல் வருவது அவளுடைய சம்பளம் மட்டும்தான். அவளுக்கு ஒரு பழக்கம். எதைச் சொல்வதாக இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு, இருக்கிற வேலையை விட்டுவிட்டு, அவன் எதிரே வந்து நின்று முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். 'உப்பு வாங்கணும்' என்பதற்குக்கூட. மாடியில் குடியிருக்கும் மாரிக்கனி அக்கா, "உம் பொண்டாட்டி என்னடே, சாமிக்கு முன்னால நிக்க மாதிரி உம் முன்னால வந்து நிக்கா," என்று கேலி செய்வாள். கௌதம்ராஜுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

இன்றும் வந்து எதிரே நின்றாள். "என்ன மச்சான், முகம் செத்துப் போயிருக்கு? பெட்டி எதுக்குத் திரும்பி வந்திருக்கு?"

அவன் ஹெட்போனை நீட்டினான். "போட்டுக் கேளு."

அவள் போட்டுக்கொண்ட மறுநொடியே மில் பழக்கத்தில் இடது கை விரல்கள் விரிந்து அசைந்தன. ஓடுகிறது. இடது பக்கம்.

"என்ன கேக்குது?"

"ஸ்ஸ்ஸுன்னு. நல்லாவே கேக்கே." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "இது நான் சேத்தூர்ல இருக்கும்போது அனுப்புனதா?"

அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது சேத்தூர் போய் இருந்தாள். அந்த நாட்களில்தான் அவன் இந்தப் பெட்டியை முடித்து அனுப்பினான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"ஏன் கேக்க?"

அவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். உள்ளே போனாள். அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய பால்கோவா டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். திறந்தான். உள்ளே பஞ்சில் பொதிந்து டியூப்கள். அவன் வாங்கிய டியூப்கள். எப்படி இவ்வளவு சீக்கிரம் தீர்ந்து போகிறது என்று அவன் அடிக்கடி குழம்பியதுண்டு.

"இதெல்லாம் சத்தம் போடுறது," என்றாள். "நீங்க முடிச்சு வச்ச பொறவு, பார்சல் கட்டுறதுக்கு முன்னால நான் ஒரு தடவ போட்டுக் கேப்பேன். ஸ்ஸுன்னு வந்தா அத எடுத்துட்டு வேற போட்டுப் பாப்பேன். வராதத வச்சு அனுப்பிருவேன். இந்த ஒண்ணுதான் நான் கேக்காமப் போச்சு."

கௌதம்ராஜ் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபோனில் சேமித்து வைத்த அந்த வரி நினைவுக்கு வந்தது.

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"எது?"

"என்ன, எதுன்னு கேக்க? எனக்குக் காது கேக்கலங்கது."

"கேக்காம என்ன? நான் பேசுறது கேக்குல்ல?" என்றாள். அவன் விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததும் குரலைத் தணித்தாள். "நம்ம மேட்டுத் தெருவுல குடியிருந்தோம்லா, அப்ப. டேங்க் ரொம்பித் தண்ணி சளசளன்னு ஊத்துது, நீங்க அதுக்கு நேர் அடியில உக்காந்து பேப்பர் பாக்கீக. நான் தெருமுனையில இருந்து கேட்டு ஓடி வாரேன். அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

"அதுல இருந்து என்னைய ஏமாத்திட்டு இருந்திருக்க."

"யாரு ஏமாத்துனா?" அவளுக்கும் கோபம் வந்தது. "வேலுசாமி மேஸ்திரி முன்னால போய் நின்னு பேசுனீங்களே, அவர ஏமாத்துனீங்களா? சொல்லுங்க. அவருகிட்ட எதுக்கு நீங்க வாயத் தொறந்து சொல்லல?"

அவள் அப்போதும் அவனுக்கு நேர் எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள். கை துடைத்த ஈரம் சேலையில் திட்டாகத் தெரிந்தது. கல்யாணமான புதிதில் அவள் அடுப்படியிலிருந்தே கத்திக் கூப்பிடுவாள், குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பேசுவாள், தெருவிலிருந்தே சண்டையைத் தொடங்குவாள். அது எப்போது நின்றது? நின்றதை அவன் கவனிக்கவே இல்லை. முன்னால் வந்து நிற்க ஆரம்பித்ததை மட்டும் கவனித்தான். அதற்கு மரியாதை என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டு, இத்தனை காலம் அந்தப் பெயரில் மகிழ்ந்திருந்தான்.

மாலை முழுவதும் இருவரும் பெட்டியின் முன் உட்கார்ந்தார்கள். அவன் கை, அவள் காது. இடம் மாற்றியும் சத்தம் மாறவில்லை என்று பாண்டிசெல்வி சொல்லியிருந்தாள். அப்படியானால் டியூப்பில் கோளாறு இல்லை. இடது டியூப்புக்கு மின்சாரம் தரும் பாதையில், அதை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் இருந்தது. பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய கார்பன் ரெசிஸ்டர். அதில் இனிமை கூடும் என்று யாரோ எழுதியதைப் படித்துவிட்டு ஆசையாகப் போட்டது. மீட்டரில் அளவு சரியாகவே காட்டியது. ஆனால் அளவு சரியாக இருந்தும் உள்ளுக்குள் பொரிந்துகொண்டே இருக்கும் ரெசிஸ்டர்கள் உண்டு. காதால் கேட்டால்தான் பிடிபடும்.

சுவிட்சை அணைத்துவிட்டு, கெபாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியக் காத்திருந்தார்கள். அதற்கு முன்னால் கை வைத்தால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

"இந்தப் பொட்டி இல்லன்னா வேற பொட்டி," என்றாள் அவள். "நான் இருக்கேம்லா. நான் கேட்டுச் சொல்லுதேன், நீங்க செய்யிங்க. இதுவரைக்கும் அப்படித்தான நடந்திச்சு? இப்ப உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, அம்புட்டுதான்."

"நீ மில்லுக்குப் போகாத."

"போகாம? உங்க டியூப்ப வறுத்துத் திங்கவா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். அவன் அந்த ரெசிஸ்டரைச் சூடாக்கி உருவி எடுத்தான். அதே அளவில் புதிய ஒன்றை வைத்துச் சால்டர் செய்தான். பெட்டி மறுபடி கனன்றது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இந்தத் தடவை விரல்கள் உடனே எழவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். கண்ணை மூடினாள். புருவம் நெரிந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு வலது கையை மடக்கி உயர்த்தினாள்.

நின்றுவிட்டது.

எவ்வளவு பொறுப்பாகக் கேட்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். இந்தத் தடவை பொய் சொல்லும் உத்தேசம் இல்லை. பாண்டிசெல்வி கதவைத் திறந்ததுமே சொல்லிவிட்டான். "மேடம், எனக்கு அந்தச் சத்தம் கேக்காது. மில்லுல இருந்தவன். அன்னைக்குச் சும்மா சொன்னேன்."

"தெரியும்ண்ணே. உள்ள வாங்க," என்றாள் அவள். முன்பைவிடக் கொஞ்சம் சத்தமாகப் பேசினாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது. "அந்தப் பெரிய சத்தம் போயே போச்சு! எதுல இருந்துச்சு?"

"ஒரு ரெசிஸ்டர்ல. மாத்திட்டேன்."

"சூப்பர்ண்ணே." சொல்லிவிட்டு மறுபடி கேட்டாள். மலர்ந்த முகம் மெல்லக் குழம்பியது. "ஆனா அடியில இன்னும் ஒண்ணு இருக்கு. இது வேற. மெலிசா, ரெண்டு பக்கமும். மொதல்ல அந்தப் பெருசு இதை மறைச்சிருக்கு போல."

"இருக்காது மேடம். வீட்டுல கேட்டுப் பாத்துத்தான் கொண்டாந்தேன்."

"நான் சும்மா சொல்லலண்ணே. இருங்க, காட்டுதேன்."

பெட்டியிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டருக்கு இழுத்தாள். எதையும் ஓட விடாமல் வெறும் பெட்டியைப் பதிவு செய்தாள். சத்தத்தைப் படமாகக் காட்டும் திரை விரிந்தது. மேலே உள்ளது சன்னமான ஒலி, கீழே உள்ளது கனத்த ஒலி என்று விரலால் காட்டினாள். கீழ்ப்பகுதி கருப்பாக, சுத்தமாக இருந்தது. அது அவன் வேலை. மேலே, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, வெளிறிய பச்சையில் ஒரு தூசிப் படலம் மிதந்துகொண்டிருந்தது. மில் கூடத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் பஞ்சுத் தும்பு மிதக்குமே, அதேபோல. தனக்குக் கேட்காத சத்தத்தை அவன் முதல் தடவையாகப் பார்த்தான்.

"இது டியூப்தான்," என்றான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை. சத்தம் போடாத ஜோடியாகப் பொறுக்கிப் போட வேண்டும். பொறுக்குவதற்கு ஒரு காது வேண்டும்.

"பாட்டு கேக்கதுக்குன்னா இதுவே தாராளம். என் வேலைக்கு ஆகாதுண்ணே," என்றாள் பாண்டிசெல்வி வருத்தமாக. "யாரு கேட்டு ஓகே சொன்னா?"

"எங்க வீட்டுல. அவ நல்லாக் கேப்பா. இம்புட்டு நாளும் அவதான் எல்லாப் பெட்டியும் கேட்டு அனுப்புனது."

"அவங்க வீட்டுலதான் இருக்காங்களா? வேலைக்குப் போறாங்களா?"

"மில்லுக்கு. ரிங் ஃபிரேம்."

சொல்லி முடிக்கும்போதுதான் அது அவனுக்கே கேட்டது. பாண்டிசெல்வி வயரை உருவி, மடித்து, பெட்டியோடு சேர்த்து அவன் பைக்குள் வைத்தாள். திரையில் அந்தப் பச்சைத் தூசி நகராமல் நின்றிருந்தது.

வழியெல்லாம் அவன் தனக்குத்தானே காரணம் சொல்லிப் பார்த்தான். அன்று அவள் ஷிஃப்ட் முடிந்த களைப்போடு கேட்டாள். மில்லிலிருந்து வந்ததும் எல்லோருக்கும் கொஞ்ச நேரம் காது அடைத்திருக்கும், பிறகு திறந்துவிடும். பக்கத்து வீட்டில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் எப்போதுமே ஷிஃப்ட் முடிந்து வந்துதான் கேட்டிருக்கிறாள். தறி எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெங்களூர்க்காரர் எழுதியது ஆறேழு பெட்டிகளுக்கு முன்னால். அதற்குப் பிறகு போன பெட்டிகளைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. உள்ளங்கைகளால் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, புருவம் நெரிய அவள் காத்திருந்த நேரம் நினைவுக்கு வந்தது. கேட்காத ஒன்றை எட்டிப் பிடிக்கப் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தறிக்கு லீவு, தெரு அடங்கியிருந்தது. நாகஜோதி பின்கட்டுத் தரையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. கௌதம்ராஜ் பையை மேசைக்கு அடியில் தள்ளினான். முன் அறை மின்விசிறியை நிறுத்தினான். கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டுமானால் முதலில் மற்றச் சத்தங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். வேறெதையும் அவன் அப்போது நினைக்கவில்லை.

பின்கட்டு நிலைப்படியில் நின்றான். பற்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஸ்ஸ்ஸ் என்றான்.

சத்தம் வந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. பல்லிடுக்கில் காற்று குளிர்ந்து போனது மட்டும் தெரிந்தது. நாகஜோதி வெங்காயத்தின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

இன்னும் கொஞ்சம் பலமாக ஊதினான். மதில்மேல் படுத்திருந்த பூனை தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. அப்படியென்றால் சத்தம் வருகிறது. நாகஜோதியின் முதுகு அசையவில்லை. தோளில் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தது. மூன்றாவது தடவை மார்பில் இருந்த காற்றையெல்லாம் அதில் விட்டான். பூனை எழுந்து மதிலுக்கு அந்தப் பக்கம் குதித்தது. அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். பேச்சு அவளுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். அவனுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டது.

அவன் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரை ஒட்டி அவளைச் சுற்றிக்கொண்டு போய், முறத்துக்கு அந்தப் பக்கம் அவள் முகத்துக்கு நேராக நின்றான். அவள் நிமிர்ந்தாள்.

"எப்ப வந்தீங்க மச்சான்? பூனை மாதிரி வந்து நிக்கீங்க."

"இப்பத்தான்," என்றான். உதடுகள் தெளிவாகத் தெரியும்படி, நிதானமாகச் சொன்னான்.

"அந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சு? போட்டுப் பாத்தாளா? சத்தம் நின்னுருச்சாமா?"

வெங்காயக் காரத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவன் முகத்தையே பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். கௌதம்ராஜ் அவள் எதிரே உட்கார்ந்தான். பிறகு வலது கையை மடக்கி உயர்த்திக் காட்டினான்.